இல்லாத பித்தப்பை

அமுதவள்ளிக்கு அன்று காலையிலிருந்தே கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. மலேசியாவின் கிள்ளானில், பள்ளியின் கடைசி வகுப்பான படிவம் ஆறு படிக்கும் பெண் அவள். போன தவணைத் தேர்வில் உயிரியலில் 'பி மைனஸ்' வாங்கியிருந்தாள். அதைப் பார்த்த கையோடு அவள் அம்மா தனலெட்சுமி பத்துமலை முருகனுக்கு நேர்ந்துகொண்டாள்: இந்த முறை மகளுக்கு 'ஏ' கிடைக்க வேண்டும், அதற்காகத் தைப்பூசத்தன்று இருவரும் பால்குடம் எடுப்பார்கள். படிப்பது மகள், பேரம் பேசுவது அம்மா. விரதம் மட்டும் இருவருக்கும் பொது.

நாற்பத்தெட்டு நாள் விரதத்தில் அன்று இருபத்தொன்றாம் நாள். மாமிசம் கூடாது என்பது அம்மா சொன்னது. ரத்தத்தைத் தொடவே கூடாது என்பது அமுதா தானாகச் சேர்த்துக்கொண்டது. அம்மாவுக்கோ கோழி வெட்டும் ஃபேக்டரியில் வேலை. விரதம் தொடங்கியதும் பேக்கிங் பகுதிக்கு மாறியிருப்பாள் என்று மகள் நினைத்துக்கொண்டாள். கேட்டதில்லை.

அன்றைக்கென்று பார்த்து லேப்பில் எலி அறுக்கும் பாடம். இருவருக்கு ஒரு செத்த வெள்ளை எலி. வயிற்றைத் திறந்து, உள்ளே இருப்பதைப் பார்த்து வரைய வேண்டும். செய்முறைப் புள்ளி அதற்குத்தான்.

"நீயே வெட்டுடி, ப்ளீஸ்" என்று தோழி ஃபர்ஹானாவிடம் கெஞ்சினாள்.

"டீச்சர் பாத்தா என்னைத்தான் ஏசுவாங்க லா" என்று முணுமுணுத்தபடி அவள் கத்தரியை எடுத்தாள்.

அமுதா ஜன்னலைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், எலியை மட்டும் பார்க்கவில்லை. பாடப்புத்தகப் படம்தான் மனப்பாடமாயிற்றே! மனிதனுக்கு இருப்பதுதானே எலிக்கும் இருக்கும் என்று கல்லீரலை வரைந்து, அதன் கீழே பித்தப்பையை அழகாகத் தொங்கவிட்டு, ஆங்கிலத்தில் பெயரும் எழுதினாள்.

சந்திரகலா டீச்சர் அதன்மேல் விரலை வைத்தார். "இதை எங்க பாத்த?"

"இங்கதான் டீச்சர்."

"எலிக்குப் பித்தப்பையே கிடையாது, அமுதா. நாளைக்குக் காலையில தனியா வா, வேற எலி தரேன். நீயே வெட்டி, நீயே பாத்து வரையணும். இல்லன்னா இதுக்கு ஜீரோதான்."

வெட்டினால் விரதம் போச்சு, வெட்டாவிட்டால் 'ஏ' போச்சு. இரண்டு நிறுத்தம் முன்னாலேயே பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தாள். நடந்தும் மனம் அடங்கவில்லை.

வேலை முடிந்து வந்த அம்மா வழக்கம்போல நேராகக் குளியலறைக்குப் போனாள். ஈரத் தலையோடு விளக்கேற்ற வந்தவளிடம் அமுதா எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

தனலெட்சுமிக்கு வந்ததே கோபம்! "அடிப்பாவி! எலியப் பாக்காமலே வரைஞ்சியா? நான் எந்த செக்‌ஷன்ல இருக்கேன்னு நெனைச்ச?"

"பேக்கிங்."

"யாரு சொன்னா? கேட்டுப் பாத்தேன், சூப்பர்வைசர் முடியாதுன்னுட்டான். இருபத்தோரு நாளா குடல் உருவுற வேலைதான். குளிச்சிட்டு வந்து வெளக்கேத்தறேன். உன்கிட்ட சொன்னா சங்கடப்படுவன்னுதான் வாயத் தொறக்கல."

இந்த மூன்று வாரமும் அம்மா தன் சீருடையைத் தானே தனியாகத் துவைத்துக்கொண்டது அமுதாவுக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

அம்மா படத்தை வாங்கி, எழுத்தைப் படிக்காமலே சரியான இடத்தில் விரல் வைத்தாள். "இது பித்தப்பைதானே? கோழிக்குப் பச்சையா இருக்கும். ஒடைஞ்சா கறியே கசந்துடும். நான் ஒடைச்சதே இல்ல."

"எலிக்கு அது இல்லையாம், அம்மா."

"நீ பாத்தியா?"

"பாக்கல."

"அப்ப போய்ப் பாரு."

"முருகன்..."

"முருகன்கிட்ட நான் பேசிக்கறேன். ஆனா எலி அவங்க அண்ணனோட வண்டி. அவர்கிட்ட நீயே பேசிக்கோ."

மறுநாள் காலை பஸ் நிறுத்தத்துப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுத்தான் அமுதா பள்ளிக்குப் போனாள். கத்தரியை எடுத்து எலியின் வயிற்றைத் தானே திறந்தாள். கல்லீரலைத் தூக்கிப் பார்த்தாள். வீட்டுக்குப் போனதும் அம்மா கேட்பாளே என்று இன்னொரு முறையும் தூக்கிப் பார்த்தாள். பித்தப்பை இல்லை.