இன்னும் அக்கா

ஆஸ்பத்திரியின் பிசியோதெரபிப் பிரிவில் அவளுக்கு ‘இன்னும் அக்கா’ என்றுதான் பெயர். பக்கவாதம் வந்தவர் யாராவது “கையைத் தூக்க முடியாதும்மா” என்றால் விடமாட்டாள். “இன்னும் முடியலன்னு சொல்லுங்க” என்று சொல்லவைத்துவிட்டுத்தான் மணிக்கட்டைப் பிடிப்பாள். நச்சரிப்புதான். அந்த நச்சரிப்பில்தான் எத்தனையோ கைகள் மறுபடி சட்டைப் பொத்தான் போட்டன.

வீட்டிலும் அதே கதை. ஜன்னல்களுக்குக் கண்ணாடி பொருத்தும் அவள் கணவர், கோபம் வந்தால் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொள்ளும் ரகம். “அந்த மனுஷன் திருந்தவே மாட்டார்டி” என்று தோழி சொன்னால், “இன்னும் திருந்தல” என்பாள்.

இந்த முறை அவர் செய்த விஷயம் பெரிசு. கணவனை இழந்து வெளியூரில் தனியாக இருக்கும் தன் அக்காவிடம், “மாசக் கடைசியில அங்கேயே குடிவந்துடறேன்” என்று வாக்குக் கொடுத்துவிட்டார், இவளை ஒரு வார்த்தை கேட்காமல். போனால் இவள் வேலையை விட வேண்டியதுதான். நாத்தனார் போனில் சந்தோஷப்பட்டபோதுதான் இவளுக்கே தெரியும்.

கத்தினாள். கத்தாமல்? ஆனால் ‘நீங்க எப்பவுமே இப்படித்தான்’ என்று மட்டும் சொல்லவில்லை. “நான் வேலைய விட மாட்டேன். நீங்க பேசற வரைக்கும் உங்களையும் விட மாட்டேன்” என்றாள். தினமும் காலையில் அவர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “சொல்லுங்க” என்பாள். அவர் பேப்பரைப் புரட்டுவார். வேறு யாராக இருந்தாலும் அந்தப் பேப்பரைக் கிழித்திருப்பார்கள்.

நான்காம் நாள் வாய் திறந்தார். “உன்கிட்ட பேசி என்ன மாறப்போகுது? முடியாதுன்னுதான் சொல்லுவே. அதான் கேக்கல.”

அவளுக்குச் சுருக்கென்றது. வீம்பு என்றல்லவா நினைத்திருந்தாள்! மனுஷன் நம்பிக்கையே விட்டுப்போய் உட்கார்ந்திருக்கிறார். அழுகை வந்தது, அழுதாள்.

“உங்க அக்கா தனியா கஷ்டப்படறத நெனச்சா எனக்கும் மனசு கேக்கல. அவங்க இங்க வந்து இருக்கக்கூடாதா? கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே.”

அவர் போனை எடுத்தார்.

“அக்கா, இவகிட்ட கேக்காமச் சொல்லிட்டேன், தப்புதான். நாங்க ரெண்டு பேரும் பேசிட்டு உனக்குச் சொல்றோம்.”

பதினோரு வருஷக் குடித்தனத்தில் அவர் வாயிலிருந்து ‘நாங்க’ வந்தது அன்றுதான். இருவரும் உட்கார்ந்து பேசியதில், அன்று அவள் ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போனாள்.