ஐந்நூறு அடிக்குக் கீழே

இது நடந்தது. விசாரணை அதிகாரியிடம் நான்கு முறை எழுதிக் கொடுத்துவிட்டேன். நான்கு முறையும் ஒரே பதில்: அதிர்ச்சியில் அப்படித் தோன்றுமாம். தோன்றவில்லை. என் இரண்டு காதாலும் கேட்டேன்.

சென்ற ஜனவரி பதினொன்று. காஞ்சிபுரத்துக்கு வெளியே ஒரு சிறிய பயிற்சி விமானத் தளம். விமானத்தில் நாங்கள் இருவர்தான். இடப்பக்கம் நான், வலப்பக்கம் என் பயிற்சியாளர் மணிவண்ணன் சார். வெளியே பார்க்காமல், கருவிகளை மட்டும் பார்த்து இறங்கும் தேர்வு. இரண்டு முறை என்னை ஃபெயிலாக்கியிருந்தார். மூன்றாவதும் போனால் லைசென்ஸ் கிடையாது. அன்று காலை அவர்மேல் எனக்கிருந்த கோபத்தை அதிகாரியிடம் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

இதில் ஒரு முறை உண்டு. இறக்குகிறவரின் கண் கருவிகளை விட்டு நகரக் கூடாது. வெளியே பார்ப்பது பக்கத்தில் இருப்பவர் வேலை. ஐந்நூறு அடியில் ஓடுதளம் தென்பட்டால் "தெரியுது" என்பார். சொல்லாவிட்டால் மேலே ஏறிவிட வேண்டும்.

6:50. பனி திடீரென்று அடர்ந்தது. என் கண் ஜன்னல் பக்கம் போனது.

"ஸ்ரீபெரும்புதூர் பஸ்ல ஜன்னல் சீட்டுன்னு நெனப்பா, ரூக்ஷார்? ஊசியப் பாரு."

அதுதான் அவருடைய வழக்கமான குரல்.

6:58. இரண்டாயிரம் அடி. பாதை விலகினேன். அவர் திட்டவில்லை.

7:00. தளத்திலிருந்து கூப்பிட்டார்கள். எப்போதும் அவர்தான் பதில் சொல்வார். சொல்லவில்லை. நானே சொன்னேன். வேண்டுமென்றே சோதிக்கிறார் என்று எரிச்சல்பட்டேன்.

7:02. ஆயிரத்து இருநூறு. ஹெட்ஃபோனில் ஒரு மூச்சுச் சத்தம்தான்... என்னுடையது.

7:03. எண்ணூறு. அவர் தோள் என் தோளில் சாய்ந்தது. விலகவில்லை. நான் திரும்பவில்லை.

7:04. ஐந்நூறு.

"தெரியுது."

அவர் குரல்தான். ஆனால் மெதுவாக... பிரியமாக. அவர் என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை.

"எறங்குமா."

நானூறு.

"எறங்கிக்கினே இரு."

முந்நூறு...

"சார், இன்னும் எவ்ளோ தூரம்?"

நிமிர்ந்தேன்.

வெள்ளை...

மணல்.

7:05.

ஓரிக்கைப் பாலாற்று மணலில் வயிறு உரசி நின்றோம். ஓடுதளம் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. எனக்குக் கை முறிந்தது. அவர் பிழைக்கவில்லை. மோதியதில் இறந்தார் என்றே எல்லோரும் நினைத்தோம்.

ஐந்நூறுக்குக் கீழே ஏன் இறங்கினாய் என்றுதான் விசாரணை. சார் சொன்னார், இறங்கினேன். எனக்கிருந்த ஒரே பதில் அது. அப்படி ஒரு பிரியமான சொல்லுக்காக மூன்று மாதம் ஏங்கியிருந்தேன் என்பதும் உண்மை. அதனால்தான் ஒரு நொடிகூடச் சந்தேகப்படவில்லையோ என்று இன்றும் என்னையே குடைகிறேன்.

போன வாரம் அவர் மனைவி நதியா அக்கா பிள்ளையார்பாளையம் வீட்டுக்குக் கூப்பிட்டார். கடைசியாக என்ன பேசினார் என்று கேட்டார். அந்த வார்த்தைகளை அப்படியே சொன்னேன். அக்கா செல்போனை நீட்டினார். சாருடைய கைக்கடிகாரம் அதில் அன்றைய நாடித்துடிப்பைப் பதிந்து வைத்திருந்தது.

"நேத்தே விசாரணை ஆபீஸ்ல குடுத்துட்டேன்மா," என்றார். "உனக்குக் கெடுதல்தான். ஆனா நான் மறைக்க முடியாது."

திரையில் சிவப்புக் கோடு ஏறி இறங்கிப் போய் ஓரிடத்தில் நின்றிருந்தது.

6:53.