மூக்குக் கட்டிக்குப் பெயர் தேடியவர்

மூக்குக்குள்ளும் அதைச் சுற்றியுள்ள எலும்புப் பொந்துகளிலும் வளரும் கட்டிகள் இன்ன வகை என்று பெயர் சொல்வது அந்த மருத்துவமனையில் அவருடைய வேலை. யார் போன் செய்து கேட்டாலும் "பொறுங்க" என்பார். அதனால் மருத்துவமனையே அவரைப் 'பொறுங்க மேடம்' என்றது. அது அவர் காதுக்கு எட்டவில்லை என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. மூக்குக் கட்டிகளின் குடும்பம் அப்படி. நுண்ணோக்கியில் பார்த்தால் பல வகைகள் ஒரே அச்சில் வார்த்தது போல, நீலமாக, உருண்டையாக, பொடிப்பொடிச் செல்களாகத் தெரியும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வகைப்பாட்டு நூலின் புதுப் பதிப்பு வரும். அதுவரை ஒரே கூரையின் கீழ் இருந்தவை பாகம் பிரித்துக்கொண்டு தனிக்குடித்தனம் போயிருக்கும். அப்படிப் புதிதாகப் பிரிந்த ஒன்றை மேடம் படத்தில் மட்டுமே பார்த்திருந்தார். ஓய்வு பெறுவதற்குள் அதை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று ஓர் ஆசை. மற்றவர்கள் கடல் பார்க்க ஆசைப்படுவார்கள்.

அப்போதுதான் ஒரு லாரி ஓட்டுநரின் மூக்கிலிருந்து எடுத்த சதை வந்தது. கடுகளவுத் துணுக்குகள்; அதிலும் பாதி இடுக்கியில் நசுங்கியவை. கட்டி அவருடைய வலது கண்ணை ஒட்டி வளர்ந்திருந்தது. மோப்ப நரம்பில் பிறந்த கட்டி என்றால் கண்ணையும் சேர்த்து எடுக்க வேண்டியிருக்கும் என்றார் அறுவை மருத்துவர். நிணநீர்ப் புற்று என்றால் கத்தியே வேண்டாம், மருந்து போதும்.

மேடம் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார். அச்சு அசல் அந்தப் படமேதான்!

சாயம் ஏற்றித்தான் உறுதி செய்ய வேண்டும். ஒவ்வொரு சாயத்துக்கும், சதையைப் பதித்த மெழுகுக் கட்டியிலிருந்து ஒரு மெல்லிய சீவல் வேண்டும். நிணநீர்ப் புற்றுக்கான சாயத்தை முதலில் பார்ப்பதுதான் வழக்கம். மேடம் தன் அரிய கட்டிக்கான சாயங்களிலிருந்து தொடங்கினார். ஒன்று 'இல்லை' என்றது. ஒன்று 'இருக்கலாம்' என்று இழுத்தது. அடுத்தது வாயே திறக்கவில்லை.

"மேடம், இதுக்கு மேல சீவினா வெறும் மெழுகுதான் வரும்," என்றாள் சீவிக் கொடுக்கும் டெக்னீஷியன்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணும்மா."

"காலையிலயும் இதையேதான் சொன்னீங்க."

வழக்கமான சாயத்தின் முறை வந்தபோது வெறும் மெழுகுதான் வந்தது.

அறுவை மருத்துவர் போனில் சிரித்தே விட்டார். "பேரைத் தேடித் தேடிக் கட்டியையே தீர்த்துட்டீங்களா? முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஆளையே உங்ககிட்ட அனுப்பியிருப்பேனே! சரி விடுங்க, நரம்புக் கட்டி மாதிரிதானே இருக்கு? அப்படியே எழுதிடுங்க. வியாழக்கிழமை எடுத்துடறேன்."

எழுதியிருந்தால் சதை தீர்ந்த கதை வெளியே வந்திருக்காது. மேடம் பேனாவைத் திறக்கவும் செய்தார். பிறகு மூடி வைத்துவிட்டு வார்டுக்குப் படியேறினார்.

மனிதர்களைச் சீவல் சீவலாகப் பார்த்தே பழகியவருக்கு, முழு ஆள் ஒருவர் கட்டிலில் உட்கார்ந்து தன்னையே பார்ப்பது கூச்சமாக இருந்தது.

"இன்னொரு தடவை சதை எடுக்கணும். எடுத்ததை நான் வீணாக்கிட்டேன்."

"போன தடவையே உயிர் போயிருச்சு டாக்டரம்மா," என்றார் ஓட்டுநர். "இந்தத் தடவையாவது என்னன்னு சொல்லிருவீங்களா?"

"நீங்க சும்மா இருங்க," என்று அவரை அடக்கினாள் மனைவி. "கண்ணு போறதுக்கு மூக்கு வலிச்சாப் பரவாயில்ல. எடுங்கம்மா."

இந்த முறை பட்டாணி அளவுக்கு, நசுங்காத சதை. வழக்கமான சாயத்தையே முதலில் ஏற்றினார். கண்ணாடித் தகடு முழுக்கப் பழுப்பு. நிணநீர்ப் புற்று. கண் தப்பியது. முதல் துணுக்கிலேயே தெரிந்திருக்கக்கூடிய விஷயம்.

மாதக் கூட்டத்தில் அறுவை மருத்துவர் எழுந்தார். "நான் அவசரப்பட்டேன். மேடம் பொறுங்கன்னாங்க. ஒரு மனுஷனோட கண்ணு பிழைச்சுது. மேடத்தைப் பார்த்து எல்லாரும் கத்துக்கணும்."

கைதட்டினார்கள். மேடம் பதறி எழுந்தார். "ஐயோ, அது பொறுமை இல்ல டாக்டர். நான் அபூர்வமா ஒண்ணு கிடைக்குமான்னு பேராசைப்பட்டு, இருந்த சதையை எல்லாம்..."

"பாத்தீங்களா," என்றார் அவர், "இந்தத் தன்னடக்கத்தையும் சேர்த்துத்தான் சொல்றேன்."

இரண்டாவது கைதட்டல் முதலாவதை விட நீளமாக இருந்தது.