மூன்றாம் பெஞ்சு இங்கிலீஷ்

பேசும்போது செல்லப்பா வாத்தியார் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் கொக்கிபோல வளைத்து ஒன்றோடொன்று மாட்டிக்கொள்வார். இரண்டு இங்கிலீஷ் வாக்கியங்களை ‘ஹூ’, ‘விச்’ போட்டு ஒன்றாக இணைப்பதைப் பையன்களுக்குக் காட்ட அவர் கண்டுபிடித்த வித்தை அது. போகப் போகக் கையோடு ஒட்டிக்கொண்டது. கத்தரிக்காய் சொத்தை என்று சொல்லவும் கொக்கி, தலைவலி என்று சொல்லவும் கொக்கி. அவர் மனைவி ஆவுடைத்தாய் கல்யாணமான நாளிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல்கள் மாட்டிக்கொள்ளும், சொல்லவந்த விஷயம் மட்டும் எதிலும் மாட்டாது என்பது அவள் கண்ட முடிவு.

தென்காசியில் அவர்கள் குடியிருந்த வீட்டின் பின்வாசல் பள்ளிக்கூடத்துச் சுவரை ஒட்டியிருந்தது. பாத்திரம் விளக்கும்போது நாலாம் பாரம் என்ற ஒன்பதாம் வகுப்பின் இங்கிலீஷ் முழுவதும் அவள் காதில் விழும். மூன்றாம் வகுப்போடு நின்றவளுக்கு அதில் ஒன்றும் விளங்காது. பையன்களுக்கும் விளங்கவில்லை என்பது மட்டும் நன்றாக விளங்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம்வரை வாத்தியாருக்கு வேலை நிரந்தரமாகவில்லை. “இந்தத் தடவை இன்ஸ்பெக்டர் நல்லபடியா சொன்னா நிரந்தரம். இல்லேன்னா வேற இடம் பாரும்” என்று பள்ளிக்கூட மானேஜர் சொல்லிவிட்டார். வேறு இடம் என்றால் இலத்தூரில் வாத்தியாருடைய அண்ணன் வீடுதான். கல்யாணமான புதிதில் ஆவுடைத்தாய் அங்கே இருந்து பார்த்தவள். அவள் குழம்புக்கு மிளகாய் கிள்ளிப் போட்டால் ஓரகத்தி பக்கத்தில் வந்து நிற்பாள். கடைசியில் இவள் சாப்பிட உட்காரும்போது சட்டியில் குழம்பு இருக்காது. தென்காசியில் ஒண்டுக் குடித்தனம்தான், ஆனாலும் அடுப்பு அவளுடையது. புருஷனைப் பற்றி மனசுக்குள் என்ன நினைத்தாலும் அந்த வேலை நிலைக்க வேண்டும் என்று அவள் கும்பிடாத சாமி இல்லை.

இன்ஸ்பெக்டர்கள் தென்காசிப் பக்கம் மாசி பங்குனி வெயிலில் எட்டிப் பார்ப்பதில்லை. ஆனி ஆடியில் குற்றாலத்தில் சாரல் விழுந்த பிறகுதான் அவர்களுக்குக் கல்வியின்மேல் அக்கறை பிறக்கும். அதனால் வாத்தியார்களுக்கும் தயாராக வசதி. செல்லப்பா ஆளுக்கு ஒரு வாக்கியமாகப் பையன்களுக்கு உருப்போடக் கொடுத்துவிடுவார். முதல் பெஞ்சு முதல் பையனுக்கு, குடத்தை உடைத்த பையன் வாக்கியம். கடைசி பெஞ்சுக்காரனுக்கு, பால் கொடுத்த பசு. இன்ஸ்பெக்டர் முன்னால் அவர் வரிசையாகக் கேட்பார், பையன்கள் வரிசையாக ஒப்பிப்பார்கள். அந்த வருஷமும் அப்படியே நடந்திருக்கும். ஆனால் அன்று மேல்காற்று சாரலைப் பின்பக்க ஜன்னல் வழியே அள்ளிக் கொட்டியது, ஓடும் ஒழுகியது.

“பையன்கள் நனையுறாங்களே! பின்னால இருக்கறவங்க எந்திரிச்சு முன்னால வாங்கப்பா” என்றார் இன்ஸ்பெக்டர். நல்ல மனசுக்காரர். ஒரு நிமிஷத்தில் வகுப்பு தலைகீழானது.

செல்லப்பா எந்த வாக்கியம் எந்த இடத்தில் இருக்கிறது என்று பாடம் செய்திருந்தாரே தவிர, எந்த முகத்தில் இருக்கிறது என்று பாடம் செய்யவில்லை. முதல் இடத்தைப் பார்த்து, குடத்தை உடைத்த பையனைக் கேட்டார். அங்கே இப்போது உட்கார்ந்திருந்த ஒலி முகம்மது எழுந்து, “திஸ் இஸ் தி கவ் விச் கேவ் மில்க்” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

“ஏலே! அடுத்தவன் சொல்லு!”

ஊரிலிருந்து வந்த மாமாவைக் கேட்டார். அடுத்தவன் தோட்டத்தில் மேய்ந்த கழுதையைச் சொன்னான்.

இன்ஸ்பெக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒலி முகம்மதைக் கூப்பிட்டார். “தம்பி, எங்கே ஹூ வரும், எங்கே விச் வரும்?”

“மூணாம் பெஞ்சு வரைக்கும் ஹூ சார். அதுக்குப் பொறவு விச்.”

“நீ முதல் பெஞ்சுலதானே இருக்கே?”

“மழைக்கு வந்தேன் சார். நான் விச்சுதான்.”

சுவருக்கு இந்தப் பக்கம் தாழ்வாரத்தில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த ஆவுடைத்தாய்க்குச் சிரிப்பும் வந்தது, இலத்தூர் அடுப்பும் கண்முன் வந்து நின்றது.

இன்ஸ்பெக்டர் எழுந்து நின்றார். “இங்க பாருங்கப்பா. குடத்தை உடைச்ச பையன்னு நாம சொல்றோம். அவன் செஞ்சதை முதல்ல சொல்லிட்டு, அப்புறம் பையனைக் கொண்டாறோம். இங்கிலீஷ்காரன் பையனை முதல்ல நிறுத்திட்டு, அவன் என்ன செஞ்சான்னு பின்னால சொல்றான். ரெண்டுக்கும் நடுவுல நிக்கறதுதான் அந்தச் சொல். மனுஷனா இருந்தா ஹூ, ஆடு மாடு சட்டி பானைன்னா விச். அவ்வளவுதான்.”

சாம்பல் கையோடு ஆவுடைத்தாய் அப்படியே நின்றாள். இவ்வளவுதானா? இதற்கா இத்தனை வருஷமாகப் பையன்கள் தொடையில் பிரம்பு விழுந்தது?

சாயங்காலம் செல்லப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். “ஏட்டி, சாமானைக் கட்டு. இலத்தூருக்குப் போவோம். மழை கெடுத்துட்டு.”

“மழையா கெடுத்துது?”

“ஒனக்கு என்ன தெரியும்?”

“எனக்கு ஒண்ணும் தெரியாது. அந்த மனுசன் குத்தாலத்துலதான தங்கியிருக்காரு? அருவியில குளிக்கப் போறதுக்கு முன்னால அவருக்கு யாரு எண்ணெய் தேய்ச்சு விடுதா?”

செல்லப்பா எழுந்து உட்கார்ந்தார். “நான் இங்கிலீஷ் வாத்தியார்டீ!”

“அதைத்தான் இன்னைக்குப் பாத்தோமே.”

நல்லெண்ணெயில் மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு அவளே காய்ச்சினாள். மறுநாள் காலையில் தூக்குச்சட்டியைப் பிடித்துக்கொண்டு வாத்தியார் குதிரை வண்டியில் குற்றாலத்துக்குப் போனார். மத்தியானம் தலை துவட்டியபடி திரும்பி வந்தார். “எல்லாத்தையும் வெவரமா எடுத்துச் சொன்னேன். இலக்கணத்துல அவருக்கு இருந்த சந்தேகமும் தீந்துட்டு” என்றார்.

கூடப் போயிருந்த பள்ளிக்கூடத்துப் பியூன் மாடக்கண்ணு பிறகு வேறு மாதிரிச் சொன்னான். “இங்கிலீஷா? ஒரு பேச்சு கிடையாதும்மா. ‘கொஞ்சம் கீழே, இன்னும் அழுத்தி’ன்னாரு இன்ஸ்பெக்டர் அய்யா. நம்ம சார் அழுத்துனாரு. அப்புறம் ரெண்டு பேரும் பெரிய அருவியில போயி நின்னாங்க.”

எது சரி என்று அத்தனை தெளிவாகத் தெரிந்த அந்த இன்ஸ்பெக்டர், அன்றே மானேஜரிடம், “செல்லப்பா பொறுப்பான ஆள், விட்டுடாதீங்க” என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போனார். ஆவுடைத்தாய்க்கு அவரை நினைத்தால் புருஷனைவிட ஒரு படி கூடுதலாக அருவருப்பு. எண்ணெய் காய்ச்சியது யார் என்பதையும் அவள் மறக்கவில்லை.

இப்போது வருஷம் நாற்பத்தாறு. செல்லப்பா அந்தப் பள்ளிக்கூடத்துக்கு மூத்த இங்கிலீஷ் வாத்தியார். சாரல் காலத்தில் வரும் அதிகாரிகளை அருவிக்குக் கூட்டிப்போவதும் அவர் பொறுப்பு. நாலாம் பாரத்துப் பையன்கள் இன்னும் ஆளுக்கு ஒரு வாக்கியம் உருப்போடுகிறார்கள். ஆவுடைத்தாய் இலத்தூருக்குப் போகவில்லை.