டேங்க் காலியானால் நிற்குமா?

போன திங்கட்கிழமை மதியம். தட்டில் சோறு போட்டு உட்கார்ந்தேன், போன் அடித்தது. என் தம்பி அருளின் மனைவி ஸ்டெல்லா.

"மதினி, அவருக்குக் காலையில இருந்து வயித்தால போயிக்கிட்டே இருக்கு. நீங்க சொன்னாத்தான் கேப்பாரு."

"தண்ணி குடிக்கிறானா?"

"எங்க! குடிச்சா இன்னும் போகுமாம். கிட்ட கொண்டுபோனாலே கத்துறாரு."

அருள் கெமிஸ்ட்ரி வாத்தியார். உப்பையும் தண்ணீரையும் வைத்தே பிழைப்பு நடத்துகிறவன்! தலையில் அடித்துக்கொண்டு, நாகமலை புதுக்கோட்டையில் இருக்கும் அவன் வீட்டுக்கு ஆட்டோ பிடித்தேன்.

சோபாவில் சுருண்டு கிடந்தான். கண் குழி விழுந்திருந்தது. நாக்கு உலர்ந்து, பேச்சே ஒட்டி ஒட்டி வந்தது.

"ஒண்ணுமில்லக்கா... உள்ள போனாத்தான வெளிய வரும்? டேங்க் காலியாச்சுன்னா தானா நின்னுரும்."

"அப்ப மோட்டார் புகைஞ்சு போகும்டா!"

பக்கத்தில் ஒரு டம்ளரில் ஓஆர்எஸ் இருந்தது. ஸ்டெல்லா கரைத்தது. ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டிய பாக்கெட்டை மொத்தமாக அந்த ஒரு டம்ளரில் கொட்டியிருக்கிறாள்.

"ஒரு வாய் வச்சுட்டு, கரிக்குதுன்னு தள்ளிட்டாரு மதினி."

கரிக்காமல் என்ன செய்யும்? பாக்கெட்டின் முதுகில் அச்சடித்திருப்பதை யாராவது படித்தால்தானே! அவ்வளவு உப்பு உள்ளே போனால் நல்லதை விடக் கெடுதல்தான் அதிகம். அதைக் கொட்டிவிட்டு, ஆறிய வெந்நீரில் சரியாகக் கரைத்து ஸ்பூனால் கொடுத்தேன். வாந்தி எடுத்தான். சற்றுப் பொறுத்து மறுபடி கொடுத்தேன். மறுபடி வாந்தி.

"கடைசியா எப்படா ஒண்ணுக்குப் போன?"

"அக்கா... இதெல்லாமா கேப்பாங்க?"

"வெக்கப்படுறதை அப்புறம் வச்சுக்க. சொல்லு."

முகத்தைத் திருப்பிக்கொண்டான். "நேத்து ராத்திரி."

அவன் வயிற்றுத் தோலை லேசாகக் கிள்ளி விட்டேன். மடிப்பு உடனே படியவில்லை... மெதுவாக இறங்கியது. உடம்பில் தண்ணீர் வற்றிப்போனதற்கு அதுதான் அடையாளம்.

"கிளம்பு ஆஸ்பத்திரிக்கு."

"இதுக்குப் போயி ஆஸ்பத்திரியா?" என்று வீறாப்பாக எழுந்தவன், அப்படியே கதவைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். ஸ்டெல்லா அலறினாள். அதுவரை இருந்த கோபமெல்லாம் எனக்கு எங்கே போனதோ, ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்தேன்.

ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். டாக்டரம்மா என்னையும் ஸ்டெல்லாவையும் நிற்கவைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார்.

"பெரிய ஆளு, தாங்கிருவாருன்னு விட்டுட்டீங்களா? இன்னும் லேட்டாகியிருந்தா கிட்னியைப் பாதிச்சிருக்கும். பேதி ரெண்டொரு நாள்ல நிக்கும்மா. போற தண்ணிய அப்பப்ப உப்போட திருப்பிக் குடுக்கணும், அதுதான் வைத்தியம். குடிக்கிறது தங்கலை, ஒண்ணுக்கு வரலை, ரத்தம் போகுதுன்னா வீட்ல வச்சுக்கிட்டு உக்காரக் கூடாது."

சாயங்காலம் வராந்தாவில் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா வார்டிலிருந்து ஓடி வந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"மதினி... போயிட்டாரு!"

என் உயிரே நின்றுவிட்டது.

"ஒண்ணுக்கு, மதினி! ஒண்ணுக்குப் போயிட்டாரு!"

அடிப்பாவி... அதை முதலில் சொல்லக் கூடாதா?

இப்போது அருள் வீட்டில் தேறி வருகிறான். சொந்தக்காரர்கள் வரிசையாகப் போன் போடுகிறார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்விதான் – "அப்படி என்னத்தப்பா சாப்பிட்ட?"

என்ன குடித்தாய் என்று கேட்கத்தான் ஒரு ஆள் இல்லை!