மாடிவீட்டுப் பதக்கம்

எழுமலையில் தவசி வீடு எது என்று கேட்டால் தெரியாது என்பார்கள். மிலிட்டரி தவசி என்றால் வாசல்வரை கூட்டிப்போய் விடுவார்கள். அந்தப் பட்டத்துக்குள் என்ன இருந்தது என்பது அவர் மனைவி தாமரைச்செல்விக்கு மட்டும்தான் தெரியும். பயிற்சிக்குப் போன இடத்தில் வெடிச்சத்தத்துக்கே அரண்டுபோய், சில மாதங்களிலேயே திரும்பி ஓடிவந்த மனிதர் அவர். முதுகில் அடிபட்டதால் அனுப்பிவிட்டார்கள் என்று ஊருக்குச் சொன்னார். கல்யாணமான புதிதில் ஒரு காய்ச்சலில் மனைவியிடம் உண்மையை உளறினார். காய்ச்சல் விட்டதும், அப்படிச் சொல்லவே இல்லை என்று சாதித்தார்.

ஊர் எதையும் துருவவில்லை. "நம்ம மண்ணுல பொறந்தவனுக்குப் பயமா?" என்றது. முறுக்கிய மீசையோடு அவர் படம் வருசந்தோறும் திருவிழா பிளக்ஸில் ஏறியது. பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்தே தாமரைச்செல்விக்கு ஒரு குணம் படிந்துவிட்டது. வீரம் என்று எவர் வாயெடுத்தாலும் நம்ப மாட்டாள்.

தவசி காலமான பிறகு அவள் எழுமலையை விட்டு, திருப்பரங்குன்றத்தில் இருந்த சொந்த வீட்டுக்கு வந்துவிட்டாள். மாடியை ஹரிநாராயணனுக்கும் அவர் மனைவி ஸ்ரீஜாவுக்கும் வாடகைக்கு விட்டாள். அவருக்குத் திருமங்கலத்தில் பேங்க் வேலை. மனைவி ஏதோ காலேஜில் டீச்சர். ஹரிநாராயணன் ஒடிசலான ஆள். மலையிலிருந்து குரங்கு இறங்கிவந்தால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளிருந்து "சூ, சூ" என்பார்.

ஒரு நாள் மாடியில் குழாய் ஒழுகுகிறதென்று பார்க்கப் போனபோது, திறந்துகிடந்த அலமாரியில் மூடாத ஒரு சின்னப் பெட்டியைக் கண்டாள். உள்ளே நாடாவில் தொங்கும் பட்டாளத்துப் பதக்கம்.

"இது என்ன சார்?"

"ஒண்ணுமில்லைங்க, பழசு" என்று ஹரிநாராயணன் சட்டென்று பெட்டியை மூடினார்.

அந்த 'சட்டென்று' அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. குரங்குக்குப் பயப்படுகிறவரிடம் பட்டாளத்து மெடலா? குடியிருப்போர் நலச்சங்கத் தலைவன் பேச்சிமுத்துவின் ஹார்டுவேர் கடைக்குப் போய்ச் சொன்னாள். அவன் சிரித்தான்.

"தயிர்ச்சோத்துக்காரருக்கு ஏதுக்கா மெடலு? அவுக ஆளுகளுக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம்? எங்கிட்டாச்சும் பழைய சாமான் கடையில வாங்கிருப்பாரு. இல்ல, எவன்கிட்டயாவது அமுக்கிருப்பாரு. வாங்க, நேராவே கேட்டுருவோம்."

ஞாயிற்றுக்கிழமை இருவருமாக மாடியேறினார்கள். பேச்சிமுத்து போலீஸ்காரன் போலக் காலை அகட்டி நின்று கேட்டான். ஹரிநாராயணன் வேர்த்துப்போனார்.

"அது என்னோடது இல்லைங்க."

"பாத்தீகளாக்கா!" என்றான் பேச்சிமுத்து.

"என் மனைவியோடது. ராணுவ ஆஸ்பத்திரியில நர்ஸா இருந்தா, இப்போதான் நர்ஸிங் காலேஜ்ல சொல்லிக்குடுக்குறா. யாருக்கும் சொல்லாதேன்னு சொல்லியிருக்கா."

அடுப்படியிலிருந்து ஸ்ரீஜா கையைத் துடைத்தபடி வந்தாள். பேச்சிமுத்து அகட்டிய காலைச் சேர்த்துக்கொண்டான். தாமரைச்செல்விக்குச் சந்தேகம் தீரவில்லை, இடம்தான் மாறியது.

"ஊசி போடுறதுக்கெல்லாமா மெடல் குடுக்குறாக?"

ஸ்ரீஜாவுக்குக் கோபம் வரவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "எல்லைப்பக்கத்துல ஒரு ஆஸ்பத்திரி, அக்கா. ஒருநாள் ஷெல் குண்டு வந்து பக்கத்துலயே விழுந்துச்சு. வார்டு ஒரு பக்கம் இடிஞ்சுபோச்சு. எந்திரிக்க முடியாதவங்களை ஒவ்வொருத்தரா வெளியே இழுத்துட்டு வந்தேன். அவ்வளவுதான்."

"பயமா இல்லையா?" என்று கேட்டாள் தாமரைச்செல்வி.

"இல்லாம? ரெண்டாவது ஷெல் விழுந்தப்போ நின்ன எடத்துலயே ஒண்ணுக்குப் போயிட்டேன். அந்த ஈரச் சேலையோடதான் மறுபடி உள்ளே போனேன்."

பேச்சிமுத்து சுவரைப் பார்த்தான்.

"சீக்கியருக்குப் பயம் கிடையாது, கூர்க்காவுக்குப் பயம்னா என்னன்னே தெரியாது, மதராஸி பேனா பிடிக்கத்தான் லாயக்குன்னு அங்க பேசுவாங்கக்கா. நான் எல்லாரையும் ஆஸ்பத்திரிக் கட்டில்ல பார்த்திருக்கேன். வலி வந்தா அவங்கவங்க பாஷையில அம்மாவைத்தான் கூப்பிடுறாங்க."

தாமரைச்செல்வி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீரத்தைப் பற்றி யார் பேசினாலும் எங்கேயாவது பொய் இடறும் அவளுக்கு. இந்தப் பேச்சில் ஒன்றும் இடறவில்லை. ஈரச் சேலையை எவள் இட்டுக்கட்டிச் சொல்லுவாள்?

இறங்கும்போது பேச்சிமுத்து படியில் நின்றான். "ஆகஸ்ட் பதினஞ்சுக்கு அந்தம்மாவையே கொடியேத்தச் சொல்லுவோம்க்கா. ஆனா அந்த... ஒண்ணுக்கு விசயத்த மட்டும் மேடையில சொல்ல வேணாம்னு நீங்க சொல்லிருங்க. நம்ம ஊருப் பேரு என்னாகும்?"

"ஒன் சோலியப் பாரு தம்பி. அவ வாய அடைக்க நான் போக மாட்டேன்."

முதலில் மறுத்த ஸ்ரீஜா, தாமரைச்செல்வி வற்புறுத்திய பிறகு சம்மதித்தாள். கொடி ஏறியது. 'மதுரை மண்ணின் வீரமங்கை' என்று பேச்சிமுத்து மைக்கில் முழங்கினான். மைக் கைக்கு வந்ததும் ஸ்ரீஜா நடந்ததை நடந்தபடி சொன்னாள், ஈரச் சேலை உட்பட. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முன்வரிசையில் இருந்த தாமரைச்செல்வி எழுந்து திரும்பி நின்று, யார் சிரித்தது என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். சிரிப்பு அடங்கியது.

அதற்கப்புறம் தெருவில் சிலர் ஸ்ரீஜாவைக் கண்டால் நமுட்டாகச் சிரித்துக்கொண்டு விலகிப்போனார்கள். பேச்சிமுத்துவும் அடுத்த கூட்டத்துக்கு அவளைக் கூப்பிடவில்லை.

ஆனால் ஐப்பசியில், பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருந்த எதிர்வீட்டுச் சிவனாண்டி கீழ்வாசலில் தயங்கி நின்றான். "கொடியேத்தி அன்னிக்குப் பேசுன அக்கா மாடியில இருக்காகளா?" என்று கேட்டுவிட்டு ஏறிப்போனவன், வெகுநேரம் கழித்துத்தான் இறங்கினான். கண் இரண்டும் சிவந்திருந்தன.

என்ன ஏது என்று தாமரைச்செல்வி கேட்கவில்லை. "காப்பி குடிச்சிட்டுப் போப்பா" என்றாள்.