அக்காவுக்கு இரண்டு மழைக்கோட்டுகள்

காலை ஆறு இருபதுக்குப் பல்லடத்தில் அக்கா வீட்டு வாசலில் வாடகைக் காரை விட்டு இறங்கினேன். முதலில் கண்ணில் பட்டது, துணி காயப்போடும் கொடியில் தொங்கிய ஒரு மழைக்கோட்டு. மயில்கழுத்து நிறம். தலைக்குல்லாயோடு சேர்த்துத் தைத்தது. உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டிருந்தார்கள். நான் வசிக்கும் பெர்கனில் இது ஒரு காட்சியே அல்ல. நார்வேயின் அந்தக் கடலோர நகரத்தில் வெயில் அடித்தால்தான் ஜன்னலுக்கு வருவார்கள். பல்லடத்தில் தூறல் போட்டால் பேக்கரி ஓரமாக வண்டியை நிறுத்தி ஒரு டீ குடிப்பதுதான் வழக்கம். அக்காவுக்கு மழைக்கோட்டு யார் கொடுத்தது? என் பெட்டிக்குள், அவளுக்கென்று நான் வாங்கிய மழைக்கோட்டு மடித்தபடி இருந்தது.

அக்கா கல்யாணம், எழவு, கோயில் தவிர எங்கும் போனவளல்ல. ஐம்பத்தைந்து வயதில், காலை நடைக்கு வரும் பெண்களோடு வால்பாறைக்குப் போய் இரண்டு நாள் தேயிலைக்காட்டில் நடக்கப் பெயர் கொடுத்திருந்தாள். "மழக்கோட்டு ஒண்ணு வேணுங்கறாங்க கண்ணு" என்று போனில் சொன்னாள். என்னிடம் கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். அதையே தம்பி செந்திலிடமும் சொல்லியிருந்தாள்.

மழைக்கோட்டு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. பெர்கனில் குடியேறிய வருடம், எல்லோருக்கும் தெரிந்த பெயர் பொறித்த ஒன்றை ஒரு மாத வாடகையில் பாதி கொடுத்து வாங்கினேன். மறு வருடமே தோள்பட்டையில் ஒழுகியது. அதன்பின் பெயரைப் பார்ப்பதை விட்டேன். மீன்பிடிப்பவர்களுக்கு உடுப்பு விற்கும் துறைமுகக் கடை, பருவம் முடிந்து விலை குறையும் வாரம், விளம்பரமே செய்யாத சின்னத் தயாரிப்பாளர்கள் என்று தேடினேன். எந்த மழைக்கோட்டையும் முதலில் உள்பக்கம் திருப்பித் தையலைத்தான் பார்ப்பேன். அது பனியன் தைக்கும் நம் ஊர்ப் பழக்கம். தையல் ஓட்டையை மூடும் நாடா கடைசிவரை ஒட்டியிருக்கிறதா, ஜிப்புக்குப் பின்னால் மடிப்பு இருக்கிறதா, இவ்வளவுதான் கணக்கு. அக்காவுக்கு வாங்கும்போதும் அப்படித்தான் திருப்பினேன். கடைப்பெண் ஓடிவந்து, "எங்காவது கிழிந்திருக்கிறதா?" என்றாள். "இல்லை, தையல் பார்க்கிறேன்" என்றேன். அவள் உள்ளே போய் மேலாளரைக் கூட்டிவந்தாள். அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு, புத்தம் புதியதாக வேறொன்றைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். அதையும் திருப்பினேன்.

செந்தில் ஏழு மணிக்கு வந்தான். பனியன் கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி கொடுப்பது அவன் தொழில். என் பரிசை அக்கா பிரிப்பதற்குள் அவன் வாங்கி, உள்பக்கம் திருப்பி, தையலைக் கட்டைவிரலால் நீவினான்.

"நல்ல வேலைங்ணா. யாரு தச்சதுங்க?"

கம்பெனியின் பெயரைச் சொன்னேன்.

"அது மேல ஒட்டுற பேருங்ணா. தச்சது யாருங்க?"

தெரியவில்லை என்றேன். கொடியில் தொங்கியதை எடுத்துவந்தான். "இது நம்ம ரோட்டுல உள்ள தள்ளி ஒரு சின்ன கம்பெனிங்ணா. வெளிநாட்டுக்குத் தச்சுத் தச்சு, இப்ப சொந்தமா ஒரு பேரு போட்டுருக்கறாங்க. பேரு இந்த ஊருலயே ஒருத்தருக்கும் தெரியாது. ஆனா அவங்க அனுப்புன பெட்டி ஒண்ணு திரும்பி வந்து நான் பாத்ததில்ல."

விலையைச் சொன்னான். நான் கொடுத்ததில் நாலில் ஒரு பங்கு. அக்கா இரண்டையும் இரண்டு கைகளில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஓஸ் பைப்ப எடு சாமி. ரெண்டையும் பாத்துபோடலாம்" என்றாள்.

தென்னைமரத்தடியில் முதலில் என்னுடையதைப் போட்டுக்கொண்டு நின்றாள். செந்தில் தண்ணீரைத் திருப்பினான். மதிலுக்கு அந்தப் பக்கத்து அம்மா எட்டிப்பார்த்து, "ஏனுங்க்கா, ஊட்டுக்குள்ள குளிக்க எடமில்லீங்களா?" என்றார். "வாங்க, முதுகு தேச்சு உடுங்க" என்றாள் அக்கா. ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. அடுத்து அவனுடையது. ஒழுகட்டும் என்று நினைத்தேன். கக்கத்தில், கழுத்தில், ஜிப்பின் அடியில் என்று ஒவ்வொரு இடமாகப் பார்த்தேன். அதுவும் ஒழுகவில்லை. ஆனால் என்னுடையதைக் கழற்றியபோதே அவள் ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது.

"தண்ணி வெளிய இருந்து வரல கண்ணு, உள்ள இருந்து வந்துபோச்சு. இட்டிலிச் சட்டிக்குள்ள உக்காந்தாப்புல இருக்குது."

செந்திலுடையதில் கக்கத்தில் திறந்து மூடும் ஜிப் இருந்தது. அப்படி ஒன்றை பெர்கன் கடையில் நானும் கையில் எடுத்தேன். குளிர்காற்று புகுந்துவிடும் என்று திரும்ப மாட்டிவிட்டேன். அந்தக் கடையில் நின்று என் மழைக்கு வாங்கியிருக்கிறேன். அவள் மழையில் வேர்க்கும் என்பது நினைவிலேயே இல்லை. அவனுக்கு நினைவு வைத்துக்கொள்ள வேண்டிய தேவையே இல்லை. அக்கா வேர்த்தால் விசிறியைத் திருப்பி வைக்கும் தூரத்தில் இருக்கிறான். எனக்கு எரிந்தது.

"உங்களுக்கும் ஒண்ணு தைக்கச் சொல்லட்டுங்களாண்ணா?" என்றான்.

"வேண்டாம்."

அக்கா எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தாள். "அட, ரெண்டையும் கொண்டுட்டுப் போறேன். குளுந்தா பெரியவனுது, வேத்தா சின்னவனுது. போதுமா?" என்று சிரித்தாள். வால்பாறையில் மாலையில் குளிரும் என்று எனக்குத் தெரியும். 'குளுந்தா' என்ற அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு விமானம் ஏறினேன்.

அவள் புறப்பட்ட வாரம், காலையில் கைப்பேசியில் பெர்கன் வானிலைக்கு முன்பு வால்பாறை வானிலையைப் பார்த்தேன். மழை. வெப்பநிலை இறங்கிக்கொண்டிருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறுநாள் வேலைக்குப் போகும்போது, டிராம் நிறுத்தத்தில் நின்றபோது வால்பாறையிலிருந்து கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. குளிர்ந்த கைகளோடு பெரிதாக்கிப் பார்த்தேன். தேயிலைச் சரிவு, மூடுபனி, நனைந்த பெண்கள். நடுவில் அக்கா, மயில்கழுத்து நிறத்தில். அவள் பக்கத்தில் குளிரில் தோள் குறுகி ஒருத்தி நின்றாள். என் மழைக்கோட்டு அவள்மேல் இருந்தது, கழுத்துவரை ஜிப் போட்டு. அக்காவின் கை அந்தத் தோளை அணைத்திருந்தது.

அந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது.